துக்க காலத்தின் பதினேழாம் நாள்

மார்ச் 14, சனி. நாகசாகி

ஹக்காத்தாவில் ரயில் ஏறும்போது தூறல். தக்கேயோ ஒன்செனில் இறங்கி, எதிர் நடைமேடையில் நிற்கும் ஷின்கான்செனில் ஏறி உட்கார்ந்தால் அரை மணி நேரத்தில் நாகசாகி வந்துவிடுகிறது. ஃபுக்குவோக்காவில் வேலைக்குச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிவிட்டது. இவ்வளவு பக்கத்தில் இருந்தும் இங்கே வந்ததில்லை. இப்போது வந்ததற்கு ஒரு காரணம் இருக்கிறது.

போன மாதம் 20ஆம் தேதி ராத்திரி மணப்பாட்டிலிருந்து அம்மா பேசினாள். பேச்சோடு பேச்சாக, "புதன்கிழமை விபூதி பூசினியா பிள்ள?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அந்தப் புதன்கிழமை மதியம் அலுவலகத்தில் எல்லோரோடும் சேர்ந்து போய், பன்றி எலும்புச் சாற்றில் செய்த ராமென் சாப்பிட்டிருந்தேன். அன்று விபூதிப் புதன், இறைச்சி தொடக் கூடாத நாள் என்பதே நினைவில் இல்லை. தவக்காலம், அதாவது ஈஸ்டருக்கு முந்திய நோன்புக் காலம், தொடங்கி மூன்றாம் நாள் அம்மா சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

ஊரில் இருந்தவரை நான் எந்தத் திருநாளையும் நினைவில் வைத்ததில்லை. அதற்குத் தேவையே இருந்ததில்லை. பீடத்தில் ஊதாத் துணி ஏறிவிடும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒலிபெருக்கியில் சிலுவைப்பாதை கேட்கும். எங்கள் வீட்டில் தவக்கால வெள்ளிகளில் மீன்கூட அடுப்பேறாது. கடற்கரை ஊரில் அது பெரிய விஷயம். ஊரே நாட்களை எண்ணிக்கொண்டிருந்தது, நான் அதற்குள் சும்மா இருந்தேன். இங்கே என்னை யாரும் தடுக்கவில்லை, யாரும் கேலி செய்யவில்லை, எல்லோரும் நல்லவர்கள். ஆனால் எதுவும் நினைவூட்டுவதில்லை. டிசம்பர் 25 இங்கே வேலை நாள். ஜப்பானில் கிறிஸ்தவர்கள் நூற்றுக்கு ஒருவர் அளவுதான்.

அந்த ராத்திரியே வேறொன்றும் நினைவுக்கு வந்தது. இதே நாட்டில் கிறிஸ்தவ வேதத்துக்கே தடை இருந்த காலத்தில், சாமியார், அதாவது பாதிரியார், இல்லாமல், கோவில் இல்லாமல், இருநூறு வருஷத்துக்கு மேல் நாட்களைத் தவறவிடாமல் எண்ணிக்கொண்டிருந்தவர்கள் இருந்தார்கள். அவர்கள் இருந்த இடங்களைப் பார்க்க வேண்டும் என்று மூன்று நாள் லீவு போட்டேன்.

நிலையத்திலிருந்து நடந்துபோகிற தூரத்தில் நிஷிசாக்கா மேடு. 1597 பிப்ரவரி 5 அன்று 26 கிறிஸ்தவர்களை இங்கே சிலுவையில் அறைந்தார்கள். அவர்களில் 24 பேருக்குக் கியோத்தோவில் காதை அறுத்து, குளிர்காலத்தில் அங்கிருந்து நடத்தியே கூட்டிவந்தார்கள். நீண்ட சுவரில் 26 வெண்கலச் சுருபங்கள் வரிசையாக நிற்கின்றன. எல்லோருடைய கால் விரல்களும் கீழ்நோக்கித் தொங்குகின்றன, தரையில் படவில்லை. நடுவில் மூன்று பேர் மட்டும் குட்டையாக இருக்கிறார்கள். மூவரும் சிறுவர்கள். அவர்களில் இளையவனுக்கு 12 வயது.

அதே வரிசையில் கொன்சாலோ கார்சியாவைத் தேடிப் பிடித்தேன். மும்பைக்குப் பக்கத்தில் வசையில் பிறந்தவர். அப்பா போர்ச்சுக்கீசியர், அம்மா நம் நாட்டுக்காரர். ஜப்பானிய மொழி நன்றாகப் பேசியதால் துறவிகளுக்கு மொழிபெயர்த்தவர் அவர்தான். 1862இல் இந்த 26 பேருக்கும் புனிதர் பட்டம் கொடுத்தபோது, இந்தியாவில் பிறந்த முதல் புனிதர் ஆனார். ஊரைவிட்டு வந்து, இரண்டு மொழிக்கு நடுவில் நின்று பிழைத்த ஒருவர். அவர் காலடியில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு விடுதிக்குப் போனேன்.

மார்ச் 15, ஞாயிறு. உராக்காமி

காலைப் பூசைக்கு ட்ராமில் போனேன். உராக்காமி பேராலயம் மேட்டின்மேல் இருக்கிறது, சிவப்புச் செங்கல், இரட்டைக் கோபுரம். உள்ளே வயதான பெண்கள் வெள்ளை முக்காடு போட்டிருந்தார்கள். ஃபுக்குவோக்காவில் நான் போகும் கோவிலில் யாரும் போடுவதில்லை. ஊரில் ஆச்சிமார் முந்தானையை இழுத்து விட்டுக்கொள்வது அப்படியே கண்முன் வந்தது. என்னிடம் முக்காடு இல்லை. கழுத்தில் கிடந்த துணியை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டேன். பக்கத்தில் இருந்த பாட்டி திரும்பிப் பார்த்து, தன் பாட்டுப் புத்தகத்தை எனக்கும் தெரியும்படி நகர்த்தி வைத்தார்.

இந்தக் கோவில் நிற்கும் நிலம் முன்பு ஊர்த் தலைவர் வீடு. வருஷா வருஷம் ஊர் ஜனங்களை அங்கேதான் வரவழைத்து, மாதா படத்தையோ சேசு படத்தையோ தரையில் வைத்து மிதிக்கச் சொல்வார்கள். மிதித்தவர் கிறிஸ்தவர் அல்ல என்று ஏட்டில் எழுதிக்கொள்வார்கள். பெரும்பாலோர் மிதித்தார்கள். மிதித்துவிட்டு வீட்டுக்கு வந்து கொஞ்சிரிசான் சொல்லி அழுதார்கள். போர்ச்சுக்கீசிய மொழியிலிருந்து வந்த சொல் அது. நம் உத்தம மனஸ்தாப மந்திரம்தான். பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பாவசங்கீர்த்தனத்துக்குச் சாமியார் இல்லாத இடத்தில், உள்ளபடி மனஸ்தாபப்பட்டால் தேவன் மன்னிப்பார் என்று சொல்லும் சிறு ஏடு 1603இல் வந்தது. தலைமுறை தலைமுறையாக அதைக் கையால் எழுதி, மனப்பாடம் செய்து காப்பாற்றினார்கள். விசுவாசத்துக்காக உயிர்விட்ட வேதசாட்சிகளை எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். மிதித்துவிட்டு வந்து மனஸ்தாபப்பட்டவர்களைப் பற்றி யாரும் எனக்குச் சொன்னதில்லை. இந்த விசுவாசம் இன்றுவரை வந்து சேர்ந்ததில் பெரும்பங்கு அவர்களுடையது என்றுதான் நினைக்கிறேன்.

கோவில் வளாகத்தில் ஒரு சாதாரணக் கல் இருக்கிறது. 1868இல் அரசாங்கம் உராக்காமி ஜனங்களை, சுமார் 3,400 பேரை, குடும்பம் குடும்பமாகப் பிடித்து நாடெங்கும் நாடுகடத்தத் தொடங்கியது. ஹாகிக்குக் கொண்டுபோகப்பட்ட 22 வயதுப் பெண் ஒருத்தியைக் குளிரில் இந்தக் கல்லின்மேல் முழங்காலை மடக்கி உட்கார வைத்தார்கள். அவள் விசுவாசத்தை மறுதலிக்கவில்லை. 1873இல் தடை நீங்கி ஜனங்கள் திரும்பியபோது 600க்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போயிருந்தார்கள். திரும்பி வந்தவர்கள் அந்த வருஷங்களை என்ன சொல்லி அழைத்தார்கள் தெரியுமா? "தாபி." ஜப்பானிய மொழியில் பயணம். நான் நாலு நாள் ஊர் சுற்றி எழுதுவதற்கும் அதே சொல்தான். இதை எழுதும்போது கை கூசுகிறது.

திரும்பி வந்தவர்கள் ஏழைகள். கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, தாங்கள் படத்தை மிதித்த அந்த நிலத்தையே வாங்கிக் கோவில் கட்டினார்கள். 1895இல் தொடங்கி 1914இல் முடிந்தது, கோபுரங்கள் 1925இல் எழுந்தன. 1945 ஆகஸ்ட் 9, காலை 11:02க்கு, இங்கிருந்து சுமார் 500 மீட்டர் தள்ளி அணுகுண்டு வெடித்தது. உராக்காமியின் 12,000 கத்தோலிக்கரில் 8,500 பேர் இறந்தார்கள். அப்போது உள்ளே பாவசங்கீர்த்தனம் நடந்துகொண்டிருந்தது. இரண்டு மணிகளில் ஒன்று இடிபாட்டுக்குள் முழுசாகக் கிடைத்தது. இன்னொன்று போயே போய்விட்டது. அமெரிக்கக் கத்தோலிக்கர்கள் காசு சேர்த்து வார்த்துக் கொடுத்த புது மணி போன வருஷம்தான் காலியாக இருந்த கோபுரத்தில் ஏறியது. 80 வருஷத்துக்குப் பிறகு ஆகஸ்ட் 9 அன்று இரண்டும் சேர்ந்து ஒலித்தன.

அப்புறம் கொஞ்சம் நடந்து, அணுகுண்டிலிருந்து பிழைத்த டாக்டர் நாகாய் தக்காஷி நோயில் படுத்துக் கிடந்த குடிசையைப் பார்த்தேன். இரண்டு பாய் அகலம், அவ்வளவுதான். குண்டு விழுந்த பிறகு அடுப்படிச் சாம்பலில் மனைவியின் எலும்புகளையும் செபமாலையையும் கண்டெடுத்தவர் அவர். குடிசைக்குப் பக்கத்தில் ஒரு நினைவுக்கல். "சோகத்தா வீடு இருந்த இடம்" என்று அதில் எழுதியிருக்கிறது. டாக்டரின் மனைவி அந்த வம்சம்.

சோகத்தா என்றால் ஏடு வைத்திருப்பவர். மறைந்து வாழ்ந்த கிறிஸ்தவர்களின் நாட்காட்டி அவர் கையில்தான் இருக்கும். இந்த ஊரில் ஏழு தலைமுறை ஒரே குடும்பம் அதைச் செய்தது. கடைசிச் சோகத்தாவைப் பிடித்துச் சிறையில் அடைத்தார்கள். அங்கேயே இறந்தார்.

ராத்திரி படுக்குமுன் உத்தம மனஸ்தாப மந்திரம் சொன்னேன், விபூதிப் புதன்கிழமைக்காக. அம்மா சொல்லிக்கொடுத்த பழைய தமிழில்தான் வந்தது.

மார்ச் 16, திங்கள். சொத்தோமே

பேருந்தில் ஒரு மணி நேரத்துக்கு மேல். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் செங்குத்தான மலை. நாற்று நடக்கூட இடம் இல்லாத ஊர்கள். ஆள் தேடி வர முடியாத ஊர்களும் இவைதான்.

குரோசாக்கிக்கு மேலே காட்டுக்குள் கரேமத்சு என்று ஒரு சிறிய ஆலயம். பார்த்தால் ஷிந்தோ ஆலயம் போலவே இருக்கிறது. உள்ளே வணங்கப்படுபவர் சான் ஜிவான், அதாவது அருளப்பர் (யோவான்) என்ற பெயருடைய ஒரு சாமியார். அவருடைய சீடன் பஸ்த்தியான் என்கிற உபதேசியார். இங்கே சொல்லப்படும் கதை இது: சாமியார் பஸ்த்தியானுக்கு நாட்காட்டி கணிக்கக் கற்றுக்கொடுத்துவிட்டுத் தன் நாட்டுக்குப் போய்விட்டார். பஸ்த்தியானுக்குக் கணக்குப் பிடிபடவில்லை. உண்ணாமல் ஜெபித்து, "ஒரு தடவை திரும்பி வாருங்கள்" என்று கேட்டார். சாமியார் கடல்மேல் வந்து, மறுபடி கற்றுக்கொடுத்துவிட்டு, கடல்மேலேயே நடந்து போய்விட்டார்.

ஒரு சாமியார் எதற்காகத் திரும்பி வருகிறார் பாருங்கள். நோயைக் குணமாக்கவோ, பிடிபட்டவர்களை விடுவிக்கவோ அல்ல. நாள் கணக்குச் சொல்லித்தர! பாஸ்கு, அதாவது ஈஸ்டர், எப்போது, துக்க காலம் (தவக்காலத்தை இவர்கள் அப்படித்தான் அழைத்தார்கள்) எப்போது, கிறிஸ்து பிறப்பு எப்போது என்று தெரியாமல் போனால் எல்லாம் போய்விடும் என்று இந்த ஜனங்களுக்குத் தெரிந்திருந்தது. பஸ்த்தியான் பிடிபட்டுக் கொல்லப்பட்டார். நாட்காட்டி பிழைத்துக்கொண்டது. ஊருக்கு ஊர் ஆட்களை வைத்தார்கள்: ஏடு பார்க்க சோகத்தா, ஞானஸ்நானம் கொடுக்க மிசுகத்தா, "இந்த வாரம் இன்ன நாள்" என்று வீடு வீடாகப் போய்ச் சொல்ல கிக்கியாக்கு. விசேஷ நாளில் ஊசி தொடக் கூடாது என்ற அளவுக்குக் கட்டுப்பாடு.

ஆலயத்துக்குப் போகும் வழியில் பெரிய பாறை ஒன்று. துக்க காலத்தின் குளிர் ராத்திரிகளில் இதன் மறைவில் கூடி ஒராஷோ பழகுவார்கள். ஒராஷோ என்றால் மந்திரம், செபம். தாள் இருந்தால் மாட்டிக்கொள்வோம் என்று பெரும்பாலும் வாய்வழியாகவே சொல்லிக்கொடுத்தார்கள். பாறையின் உள்பக்கத்தில் கை வைத்துப் பார்த்தேன். பாசி பிடித்து ஈரமாக இருந்தது. இரண்டு மூன்று பேர் ஒண்டி உட்காரலாம். அங்கே உட்கார்ந்து ஒரு அருள் நிறைந்த மரியே சொன்னேன். எவ்வளவு மெதுவாகச் சொன்னால் பாறைக்கு அந்தப் பக்கம் கேட்காது என்று யோசித்துக்கொண்டே சொன்னேன்.

மனப்பாடமாகச் சொல்லித்தரும் இந்த முறை எங்கள் ஊருக்கும் பழசு. 1542இல் சவேரியார் எங்கள் கரையான முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, உள்ளூர் ஆட்கள் துணையோடு மந்திரங்களைத் தமிழாக்கி, தானும் மனப்பாடம் செய்து, தெருவில் மணியடித்துப் பிள்ளைகளைக் கூட்டிச் சொல்லிக்கொடுத்தார். ஏழு வருஷம் கழித்து, 1549 ஆகஸ்ட் 15 அன்று, அவரே ககோஷிமாவில் வந்து இறங்கினார். மணப்பாட்டுக் குகையில் ஜெபித்தவர் இந்த நாட்டுக்கும் வந்தார் என்று சின்னப்பிள்ளையில் கேட்டது, இந்த ஈரப்பாறையில்தான் எனக்கு நிஜமானது. இன்னொன்றும் சொல்ல வேண்டும். சிலுவையை இந்த ஜனங்கள் "குருசு" என்றார்கள். எங்கள் ஆச்சி சொன்ன அதே சொல்! இரண்டு ஊருக்கும் போர்ச்சுக்கீசியக் கப்பல் கொண்டுவந்து கொடுத்தது.

ஷித்சு கோவில் 1882இல் தெ ரோ என்ற பிரெஞ்சுச் சாமியார் கட்டியது. கடற்காற்றுக்குப் பயந்து கூரையைத் தாழ்வாக இறக்கியிருக்கிறார். வீட்டுச் சொத்தையெல்லாம் இந்த ஏழை ஜனங்களுக்குச் செலவழித்து, சேமியா செய்யக் கற்றுக்கொடுத்தவர். அவர் பெயரில் அது இன்றும் விற்கிறது. வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தபோது, பூ மாற்ற வந்த ஒரு பாட்டி என்னைப் பார்த்து, "ஷிஞ்ஜா-சான்?" என்று கேட்டார். விசுவாசியா என்று. இந்த நான்கு வருஷத்தில் என்னிடம் இதை யாரும் கேட்டதில்லை. எந்த நாடு, என்ன வேலை, காரம் சாப்பிடுவீர்களா என்றெல்லாம் கேட்டிருக்கிறார்கள். "ஆமாம் பாட்டி" என்றேன். அவர் தலையாட்டிவிட்டு, கையிலிருந்த பூக்களில் பாதியை என்னிடம் கொடுத்தார். இரண்டு பேருமாக மாற்றி வைத்தோம். தவக்காலத்தில் பூ எதற்கு என்று கேட்கத் தோன்றியது, கேட்கவில்லை. பீடத்துக்கு இல்லை, வெளியே இருக்கும் மாதாவுக்கு.

மார்ச் 17, செவ்வாய். ஓவுரா

இன்றைய தேதிக்காகத்தான் லீவையே இப்படிப் போட்டேன்.

1865. தடை அப்போதும் நீங்கவில்லை. நாகசாகியில் குடியிருந்த வெளிநாட்டவருக்காக பிரெஞ்சுச் சாமியார்கள் ஓவுரா மேட்டில் கட்டிய கோவில் பிப்ரவரியில்தான் மந்திரித்துத் திறக்கப்பட்டிருந்தது. மார்ச் 17 மதியம், சும்மா வேடிக்கை பார்க்க வந்தவர்கள்போல உராக்காமியிலிருந்து பதினைந்து பேர் அளவில் வந்து நின்றார்கள். பெத்திழான் சாமியார் கதவைத் திறந்துவிட்டு உள்ளே போய் முழங்காலில் இருந்து ஜெபித்தார். ஒரு பெண் பக்கத்தில் வந்து, நெஞ்சில் கை வைத்து மெல்லச் சொன்னாள்: "எங்கள் நெஞ்சும் உங்கள் நெஞ்சும் ஒன்று." அடுத்து, "சாந்தா மரியாவின் சுருபம் எங்கே?"

இதுவரை எல்லோரும் சொல்லும் கதை. இதற்குப் பிறகு நடந்ததுதான் எனக்கு முக்கியம். மாதா சுருபத்தைப் பார்த்துச் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தவர்கள் சாமியாரிடம் சொன்னார்கள்: "நாங்கள் இப்போது துக்க காலத்தின் பதினேழாம் நாளில் இருக்கிறோம். நீங்களும் அனுசரிக்கிறீர்களா?"

விடுதியில் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். 1865இல் பாஸ்கு ஏப்ரல் 16. விபூதிப் புதன் மார்ச் 1. அப்படியானால் மார்ச் 17 சரியாகப் பதினேழாம் நாள். 1614இல் நாடு முழுக்கத் தடை வந்தது. கடைசிச் சாமியார்களும் பிடிபட்டு இருநூறு வருஷத்துக்கு மேலாயிற்று. ரோமாபுரியோடு ஒரு கடிதப் போக்குவரத்துகூடக் கிடையாது. மீனவர்களும் விவசாயிகளும் கையில் ஒரு ஏட்டை வைத்துக்கொண்டு எண்ணினார்கள். ஒரு நாள்கூடப் பிசகவில்லை. எனக்குக் கைபேசியில் நாட்காட்டி இருக்கிறது, அம்மா இருக்கிறாள், பத்து நிமிஷ நடையில் கோவில் இருக்கிறது. நான் இரண்டு நாள் பிந்தினேன்.

அந்தச் சுருபம் இன்னும் உள்ளே வலது பக்கப் பீடத்தில் இருக்கிறது. படம் எடுக்க அனுமதியில்லை, நல்லதுதான். மாதா வெள்ளையாக, சின்னதாக இருக்கிறார். குழந்தை கையை விரித்திருக்கிறது. ஜப்பான் திருச்சபை இந்த நாளை மாதாவின் விழாவாகவே கொண்டாடுகிறது. கூட்டத்தில் எனக்கு முன்னால் நின்ற பெண் தன் பையனிடம் ஏதோ குனிந்து சொன்னார், அவன் "சாந்தா மரியா" என்று சத்தமாகச் சொன்னான். எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் அம்மா அவன் வாயைப் பொத்தவில்லை.

என் முறை வந்தபோது மாதாவிடம் வேறொன்றும் கேட்கத் தோன்றவில்லை. "இன்று இருபத்தெட்டாம் நாள்" என்று சொன்னேன். விரல்விட்டு எண்ணிச் சரிபார்த்துவிட்டுத்தான் சொன்னேன்.

மார்ச் 18, புதன். இகித்சுக்கி

நேற்று ராத்திரியே சசெபோ வந்து தங்கி, காலையில் ஹிராதோ வழியாக இந்தத் தீவுக்கு வந்தேன். 1873க்குப் பிறகு மறைவிலிருந்து வெளியே வந்தவர்களில் நிறையப் பேர் கத்தோலிக்கச் சபையில் சேர்ந்தார்கள். இங்கே பெரும்பாலோர் சேரவில்லை. முன்னோர் செய்ததுபோலவே செய்கிறோம் என்று இருந்துவிட்டார்கள். இப்போது மிகக் குறைந்துவிட்டார்கள்.

அருங்காட்சியகத்தில் அவர்கள் உள்ளறையில் ஒளித்து வைத்து வணங்கிய சுருள் படங்கள் இருக்கின்றன. கிமோனோ உடுத்திய மாதா, குடுமி வைத்த ஸ்நாபக அருளப்பர். ஒராஷோவின் ஒலிப்பதிவையும் கேட்டேன். இழுத்து இழுத்து, மூச்சு விடாமல் ஓடும் முணுமுணுப்பு. நடுநடுவே இலத்தீன் சொற்கள் தேய்ந்துபோய் வருகின்றன. சொல்பவர்களுக்கே அவற்றின் அர்த்தம் தெரியாது. அர்த்தம் தெரியாமல் சொல்வது ஜெபமா என்று வழக்கமாகக் கேட்பார்கள். எங்கள் ஆச்சிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. இலத்தீன் பூசைக்குப் போய், "ஓரா புரோ நோபிஸ்" என்பதை அவள் வாய்க்கு வந்தபடி சொல்லி அழுவாள் என்று அம்மா சொல்லியிருக்கிறாள். அது ஜெபம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

கரைக்கு அப்பால் நாக்காயெனோஷிமா தெரிகிறது. வேதசாட்சிகள் கொல்லப்பட்ட பாறைத் தீவு. அங்கே பாறை இடுக்கில் கசியும் தண்ணீரைத்தான் ஞானஸ்நானத்துக்கு எடுப்பார்கள். காற்று பலமாக இருந்தது. ரொம்ப நேரம் நிற்க முடியவில்லை. ராத்திரி ஃபுக்குவோக்கா.

மார்ச் 19, வியாழன். ஃபுக்குவோக்கா

ஊருக்குப் போய் வந்தால் எல்லோருக்கும் ஏதாவது வாங்கி வருவது இங்கே வழக்கம். நாகசாகியின் காஸ்தெரா கேக் ஒரு பெட்டி வாங்கி வந்திருந்தேன். மதியம் பங்கு வைத்தபோது, அடுத்த மேசைத் தோழி எங்கெல்லாம் போனாய் என்று கேட்டாள். முன்பு என்றால் துறைமுகம், மலை, ராத்திரி வெளிச்சம் என்று சொல்லி முடித்திருப்பேன். இந்தத் தடவை நிஷிசாக்கா, பாறை, பதினேழாம் நாள் எல்லாவற்றையும் சொன்னேன். விபூதிப் புதன்கிழமை ராமென் சாப்பிட்டதையும் சொன்னேன்.

அவள் திடுக்கிட்டுவிட்டாள். "அன்று கூப்பிட்டது நான்தானே! சாப்பிடக்கூடாத நாள் என்று சொல்லியிருக்கலாமே" என்றாள். எனக்கே நினைவில்லை என்றேன். நாளை பொது விடுமுறை, மதியம் நாலைந்து பேராக யாக்கினிக்குவுக்குப் போவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. வெள்ளிக்கிழமை எனக்கு இறைச்சி கிடையாது, நீங்கள் போய் வாருங்கள் என்றேன். எதுவரை என்று கேட்டாள். பாஸ்கு வரை, ஏப்ரல் 5.

மேசை நாட்காட்டியை எடுத்து ஏப்ரல் 5ஐச் சிவப்புப் பேனாவால் வட்டமிட்டாள். பிறகு அங்கிருந்து பின்னோக்கி, வெள்ளிக்கிழமைகளுக்கெல்லாம் ஒரு சிறு புள்ளி வைத்துக்கொண்டே வந்தாள். நாளைய தேதியில் வந்து நின்று, "அப்படியானால் இன்று எத்தனையாவது நாள்?" என்று கேட்டாள்.

"முப்பது" என்றேன்.